என் பங்கு அரைப் பவன்

எங்கள் நிச்சயதாம்பூலத்தன்று என் கைக்கு வந்த மோதிரம் ஒரு பவன் எடை உடையது. அதில் அரைப் பவன் என் பணம். மணமகன் வீட்டார் மணப்பெண்ணுக்கு இடும் மோதிரத்துக்கு மணப்பெண்ணே பாதி விலை கொடுத்தாள் என்பது அக்காலத்து நாஞ்சில்நாட்டில் வெளியே சொல்லக்கூடிய செய்தி அன்று. இன்று சொல்வதால் எவருக்கும் தலைகுனிவு இல்லை. குனியக்கூடிய தலைகள் அனைத்தும் போய்விட்டன. என் தலை மட்டும் எஞ்சியிருக்கிறது. அது எழுதும்போது எப்படியும் குனிந்தே இருக்கும்.

எங்கள் ஊர்ப்பகுதி அப்போது திருவாங்கூர்-கொச்சியோடு சேர்ந்திருந்தது. நான் நாகர்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் கற்பித்தேன். நாள்தோறும் காலையில் தோவாளையிலிருந்து, பூக்கூடைகளுக்கு நடுவே கிடைத்த இடத்தில் நின்றுகொண்டு, பேருந்தில் வடசேரி வந்து சேர்வேன். அப்பா பிச்சியும் மரிக்கொழுந்தும் பயிரிட்டார். எனக்கு மணமகனாகப் பேசப்பட்டவர், எங்கள் பள்ளியின் நிருவாகத்தாரே நடத்திய ஆண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியர். தந்தை இல்லாதவர். தாயார் வடசேரியில் நெல் வாங்கி, அவித்து, குத்தி, அரிசியாக்கி விற்று மகளையும் மகனையும் ஆளாக்கியவர். எவரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை என்பதை அந்த அம்மையார் தம் ஊர், பேர் சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

சம்பந்தம் பெரியவர்கள் பேசியது. கார்த்திகையில் அவருடைய தாயாரும் மணமான தமக்கையும் பூ வாங்கும் சாக்கில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். என்னைப் பார்த்தார்கள், பூவும் வாங்கினார்கள். பூ விலையில் காலணா குறைக்கச் சொல்லி வாதாடியதால் அவர்கள் மெய்யாகவே பூ வாங்க வந்தவர்கள் என்று என் தாயார் நெடுநேரம் நம்பியிருந்தார்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். முந்தைய ஆண்டில் நான் திருத்திய ஒரு விடைத்தாளில் கூட்டுத்தொகை ஒன்று குறைந்திருந்தது. சரிபார்க்கும்போது அதைக் கண்ட அவர், என் தலைமையாசிரியையிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார். சொல்லும்போது சிரிக்கவில்லை. ஓர் ஆண்மகனிடம் இவ்விரண்டும் சேர்ந்திருப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

எங்கள் குடும்பத்தில் முடிவு சொல்பவர் பெரியப்பா. அவர் இரண்டு நிபந்தனைகள் வைத்தார். நிச்சயம் தை மாதத்திலேயே நடக்கவேண்டும். மோதிரம் ஒரு பவனுக்குக் குறையக்கூடாது. ஏனெனில் அவர் மகளுக்கு ஒரு பவனில் இட்டிருந்தார்கள். இரண்டில் ஒன்று தவறினாலும் களியக்காவிளையிலிருந்து வந்திருந்த ஒரு மரக்கடைக்காரரின் சாதகத்தை எடுத்துப் பார்ப்பதாகச் சொன்னார். அந்தச் சாதகம் எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்துக்குள் இருந்தது. திதி பார்க்கப் பஞ்சாங்கத்தைத் திறக்கும்போதெல்லாம் அது தானாகவே வெளியே வந்தது.

மார்கழியில் அரையாண்டுத் தேர்வு. ஆசிரியர்கள் தத்தம் மாணவருக்கு இரக்கம் காட்டுகிறார்கள் என்று நிருவாகத்தார் கருதியதால், இரு பள்ளி ஆசிரியர்களும் எங்கள் பள்ளி மண்டபத்தில் மூன்று நாள் கூடியிருந்து, ஒரு பள்ளியின் தாள்களை மறு பள்ளியார் திருத்துவது வழக்கமாகியிருந்தது. தமிழ்த்தாள்களின் கூட்டலைச் சரிபார்க்கும் பொறுப்பு கணக்காசிரியர்களுக்கு. ஆகவே நான் மேசையின் ஒரு பக்கம் அமர்ந்து மதிப்பெண்களைப் படிப்பேன். அவர் மறுபக்கம் அமர்ந்து கூட்டுவார். மேசையின் முனையில் தலைமையாசிரியை. சம்பந்தம் பேசிமுடித்த ஆணும் பெண்ணும் பேசிக்கொள்ள நாகர்கோவிலில் வேறு இடம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

முதல் நாள் முற்பகல், பதினான்காவது தாளில், அவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"டீச்சர், தைக்கு ஒக்காது."

"ஏழு, ஒன்பது, ஆறரை. என்ன ஒக்காது, சார்?"

"ஒரு பவன் மோதிரம். அரைக்குத்தான் காசு உண்டு. அக்காளுக்க கல்யாணக் கடன் ஐப்பசியிலதான் தீந்தது. இனி கடன் வாங்கமாட்டேன்னு அம்மைக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"எட்டு, நாலு. மீதி அரை எப்பம் வரும்?"

"அடுத்த தைக்கு."

"பெரியப்பா அடுத்த தை வரைக்கும் பொறுக்கமாட்டாவ. பஞ்சாங்கத்துக்குள்ள ஒரு மரக்கடை இருக்கு."

அவர் ஒரு தாளை முடித்து அடுத்ததை எடுத்தார். நான் அவ்வளவு நேரமும் என்ன செய்வது என்று எண்ணவில்லை. செய்யவேண்டியது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அதை எந்த எண்ணுக்கும் எந்த எண்ணுக்கும் இடையில் சொல்வது என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"மூணு. அரை எங்கிட்ட உண்டு. அஞ்சு."

"அது முறையில்ல, டீச்சர்."

"முறை பாத்தா மரக்கடை. ரெண்டரை."

"டீச்சருக்க மோதிரத்துக்கு டீச்சரே காசு குடுக்கதா?"

"எனக்க விரல்லதானே கெடக்கப் போவுது."

"அம்மைக்குத் தெரிஞ்சா?"

"யாரு சொல்லப்போறா? ஒன்பது."

"என்ன சார், அந்தத் தாள்ல அவ்வளவு சங்கடம்?" என்று தலைமையாசிரியை கேட்டார். "ஒரு அரை இடிக்குது, அம்மா" என்றார் அவர். மீதி எண்களையும் நான் படித்தபின், அந்தத் தாளைக் கூட்டி முப்பத்தெட்டு என்று எழுதினார். நாற்பத்தொன்று வரவேண்டும். நான் திருத்திக் கொடுத்தேன், சிரிக்கவில்லை. உடன்பாடு ஏற்பட்டுவிட்டது என்று இருவரும் அறிந்துகொண்டோம்.

என் சம்பளத்தில் பாதியை அப்பா வாங்கிக்கொள்வார். பாதி அஞ்சலகச் சேமிப்பில் என் பெயரிலேயே இருந்தது. பணத்தில் தடை இல்லை. தடை விரலில் இருந்தது. தட்டாருக்கு விரலின் அளவு வேண்டும். முறைப்படி, மணமகன் வீட்டார் என் தாயாரிடம் கேட்டு என் பழைய மோதிரம் ஒன்றை அளவுக்கு வாங்கிப்போவார்கள். என்னிடம் பழைய மோதிரம் இல்லை. அவரோ, தாமே அளவுக்கு வழி செய்துகொள்வதாகத் தம் தாயாரிடம் சொல்லிவிட்டார். அந்த வழி நானே.

மூன்றாம் நாள் காலையில் விரலை அளந்தேன். நூல் இழுத்தால் நீளும், விட்டால் தொய்யும். அளவு என்பது அளவாக இருக்கவேண்டும் என்று எண்ணி நூலை விலக்கினேன். பூக்கட்டுவதற்கு எங்கள் வீட்டில் எப்போதும் வாழைநார் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும். அதில் மெல்லியதாக ஒன்றைக் கிழித்து, விரலில் சுற்றி, பூத்தொடுக்கும் முடிச்சே போட்டுக் கழற்றினேன். நான் இடக்கையாள். எங்கள் வீட்டில் மற்றவர் முடிச்சு வலப்புறம் திரும்பினால் என் முடிச்சு இடப்புறம் திரும்பும். அளவு கச்சிதமாக இருந்தது.

அந்த நார் வளையத்தையும் பணத்தையும் ஓர் உறையில் இட்டேன். திருத்தும் மண்டபத்தில் எங்களிடையே கைமாறக்கூடிய உறை ஒருவகைதான். ஆகவே அதன்மேல் 'கூட்டல் பிழைகள்' என்று தெளிவாக எழுதி, தலைமையாசிரியையின் கண்முன்னே அவரிடம் கொடுத்தேன். "நிறைய இருக்கா?" என்று அம்மையார் கேட்டார். "ஒன்றுதான்" என்றேன்.

அவர் ஒழுங்கானவர். உறையைத் தம் பெட்டியில் வைத்துப் பூட்டி, பொங்கல் கழிந்தபின் தட்டாரிடம் கொடுத்தார். இடையில் ஏறத்தாழ ஒரு மாதம் போயிற்று. ஈரநாரில் கட்டிய பூ ஏன் உதிர்வதில்லை என்றால், நார் காயும்போது இறுகிப் பூவின் கழுத்தைப் பிடித்துக்கொள்கிறது. தோவாளையில் இது கைக்குழந்தைக்கும் தெரியும். வித்துவான் தேர்வில் தேறிய எனக்கு அந்தக் காலைப்பொழுதில் தெரியவில்லை. கணக்காசிரியருக்கோ நார் என்பது நார்.

தை மாதம் ஒரு நல்ல நாளில், முற்பகலில், எங்கள் வீட்டில் நிச்சயம். மணமகன் நிச்சயத்துக்கு வருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அவர் பள்ளியில் சிறப்பு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். தாயாரும் தமக்கையும் உறவினர் சிலரும் வந்தார்கள். தாம்பாளங்களில் வெற்றிலை, பாக்கு, மட்டிப்பழம், தேங்காய், பூ. பூவை அவர்கள் எங்கள் அப்பாவிடமே வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள், முழு விலைக்கு.

தமக்கை என் எதிரில் அமர்ந்து, இளஞ்சிவப்புத் தாளில் பொதிந்திருந்த மோதிரத்தை எடுத்து என் விரலில் இட்டார். அது முட்டிவரை வந்து நின்றது.

"ஏட்டி, கைய வெறைக்காத."

"வெறைக்கல்ல, மைனி."

"பின்ன ஏன் போவமாட்டேங்கு? நேத்தைக்கு வீங்கிற்றா?"

தேங்காய் எண்ணெய் வந்தது. எண்ணெய்க்குப் பின் சோப்பு நுரை வந்தது. மோதிரம் முட்டியைச் சுற்றிச் சுழன்றதேயன்றி மேலே ஏறவில்லை. அயல்வீட்டுப் பெண் ஒருத்தி, "பரீச்சத் தாள் திருத்தித் திருத்தி விரலு தடிச்சிருக்கும், மக்கா" என்றாள். யாரோ சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை.

"ஒரு பவன்னுல்லா பேச்சு? ஒரு பவன் இவ்வளவு சின்னதாட்டா இருக்கும்?"

வடசேரி அம்மையார் எழுந்து நின்றுவிட்டார். "தராசு எடுத்துட்டு வாங்க, அண்ணாச்சி. ஒரு பவன்ல ஒரு நெல்லெடை கொறஞ்சாலும் நான் இந்தச் சபையில இருக்கமாட்டேன்."

"எடை இருக்கட்டும். அளவு யாரு எடுத்தா? இங்க வந்து யாரும் கேக்கல்லியே?"

"எம் மவன் தந்தான்."

"அவனுக்கு யாரு தந்தா?"

நான் தலைகுனிந்திருந்தேன், மணப்பெண் அவ்வாறு இருப்பதுதான் முறை என்பது அப்போது பேருதவியாக இருந்தது. அளவு கொடுத்தது நான் என்று வந்தால், எங்கே, எப்போது என்ற கேள்வி வரும். அதற்கு அடுத்ததாக, அளவோடு வேறு என்ன கொடுத்தாய் என்ற கேள்வி வரும். அதற்கு விடை வந்த மறுகணம், ஒரு காசு வாங்காமல் வாழ்ந்த அந்த அம்மையார் தாம்பாளங்களை எடுத்துக்கொண்டு அடுத்த பேருந்தில் ஏறிவிடுவார். பஞ்சாங்கம் அலமாரியில்தான் இருந்தது.

தமக்கை இளஞ்சிவப்புத் தாளை மறுபடியும் விரித்தார். தட்டார்கள் வேலை முடிந்ததும் அளவையும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நார் வளையம் சுருண்டு, பழுத்த இலையின் நிறத்தில் கிடந்தது.

"இதாக்கும் அளவு. தட்டான் இதுக்கு மயிரிழை பெசகாம செஞ்சிருக்கான். பாத்துக்கிடுங்க."

அப்பா அதுவரை பேசவில்லை. அவர் பொதுவாகவே பேசுவதில்லை; பெரியப்பா இருக்கும்போது பேசவேண்டிய தேவையும் நேர்வதில்லை. வளையத்தை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். முடிச்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நாற்பது ஆண்டு பூத்தொடுத்த மனிதர். இடப்புறம் திரும்பிய முடிச்சை அவர் வாழ்நாளில் ஒருத்தியின் கையில் மட்டுமே கண்டிருக்கிறார்.

பூவுக்குத் தெளிக்க வைத்திருந்த செம்புத் தண்ணீரில் வளையத்தைப் போட்டார்.

எல்லோரும் காத்திருந்தோம். நல்ல நேரம் முடிய இன்னும் சிறிது பொழுதே இருந்தது. ஒரு நார் ஊறுவதற்காக இரண்டு குடும்பமும் தாம்பாளங்களும் வாய் திறவாமல் காத்திருந்த நிச்சயம் எங்கள் ஊரில் அது ஒன்றாகவே இருக்கும். அப்பா வளையத்தை எடுத்து, நீரை உதறி, என் விரலில் இட்டார். முட்டியைத் தாண்டி அடியில் போய் அமர்ந்தது.

"அளவு சரி" என்றார். "நாரு காஞ்சு போச்சு."

"அது சரி, எடுத்தது யாருங்கேன்?" என்றார் பெரியப்பா.

"நாந்தான்" என்றார் தமக்கை. கண்ணிமைக்கவில்லை. "கார்த்திகையில பூ வாங்க வந்தோம்லா, அப்பம் எடுத்தேன். தம்பிக்கிட்ட குடுத்தேன்."

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா கையிலிருந்த ஈரத்தைத் தோளில் கிடந்த துண்டில் துடைத்துக்கொண்டார்.

"ஆமா. வந்திருந்தா." துண்டைச் சரிசெய்துகொண்டு, "நார நாந்தான் குடுத்தேன்" என்றும் சொன்னார்.

"பச்ச நாரையா? ஒனக்குப் புத்தி கெடையாதாடே?"

"பூக்காரன் வீட்டுல பின்ன தங்கக் கம்பியா கெடக்கும்?"

சிரிப்பு எழுந்தது, பெரியப்பாவும் அரைமனத்தோடு சிரித்தார். முன்னம் ஒரு சொல்லும் பேசி வைத்துக்கொள்ளாத இருவர், ஒருவர் பொய்யை மற்றவர் தாங்கிப் பிடித்ததை அருகிலிருந்து கண்டேன். எனக்குத் தெரிந்த எந்த உரையாசிரியரும் இவ்வளவு குறைந்த சொற்களில் ஒரு பொருளை நிலைநாட்டியதில்லை.

அத்துடன் நின்றிருக்கலாம். அப்பா தொடர்ந்தார். தவறு தம்முடைய நாருடையது என்பதால், மோதிரத்தைப் பெரிதாக்கச் சேர்க்கவேண்டிய பொன்னையும் கூலியையும் தாமே கொடுப்பதாகச் சொன்னார். முழுவதும் வேண்டாமென்றால் பாதியாவது.

"வேண்டாம்!" என்றார் வடசேரி அம்மையார். குரல் தெருவரை கேட்டிருக்கும். "தப்பா நெனைக்காதீங்க. அது எம் மவன் ஒத்தைக்கு நின்னு செஞ்ச மோதிரம். கடன் வாங்கல்ல, கைமாத்து வாங்கல்ல. பெண்ணு வீட்டுக் காசு ஒரு குன்னிமணி அளவு அதுல விழப்பிடாது. அவன் கையில காசு வரும்போ அவனே பெருசாக்குவான். அது வரைக்கும் சுண்டுவிரல்ல கெடக்கட்டும்."

பெரியப்பாவுக்கு அந்த வீறாப்பு பிடித்திருந்தது. "கொள்ளாம்" என்றார். ஒரு பவனைக் கேட்டுவாங்கியவருக்கு, அதைக் கொடுப்பவர் தலைநிமிர்ந்து கொடுப்பது கூடுதல் ஊதியம்போல இருந்திருக்கவேண்டும்.

தமக்கை என் கையை மறுபடியும் பற்றினார். எண்ணெயைத் துடைக்கும் பாவனையில் முகத்தை என் காதருகே கொண்டுவந்தார்.

"கேட்டியா? ஒரு குன்னிமணி விழப்பிடாதாம். நீ அரைப் பவன் விழ வச்சிருக்க."

என் கை அவர் கையில் விறைத்தது. இப்போது மெய்யாகவே விறைத்தது.

"மைனிக்கு எப்படித் தெரியும்?"

"தட்டான் கடைக்கு நானும்லா கூடப் போனேன். ஒரு கவர்லேருந்து காச எடுத்தான். கவருக்கு மேல கூட்டல் பிழைகள்னு பொம்பள எழுத்து. எவளுக்கானாலும் தெரியும், ஏட்டி."

"அத்தைக்கிட்ட சொல்லுவியளா?"

"சொன்னா இப்பமே மோதிரத்த உருவி ஒனக்க அப்பா முன்னால வைப்பா. பெறவு எனக்க தம்பி கெழவனாகிற வரைக்கும் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கவேண்டியதுதான்." என் கையை ஒரு தட்டுத் தட்டினார். "நான் கட்டிப் போனதுல பட்ட கடனுக்காக்கும் இவன் கையில காசு இல்லாமப் போச்சு. அது எனக்குத் தெரியாதா? சுண்டுவிரல நீட்டு."

நீட்டினேன். மோதிரம் தடையின்றி ஏறியது. குலவை இட்டார்கள். பெரியப்பா தாம்பூலம் மாற்றினார். அன்றைய சாப்பாட்டில் எரிசேரிக்கு உப்புக் கூடிப்போயிற்று என்று பேச்சு வந்தது. மோதிரத்தைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை.

வைகாசியில் மணம் நடந்தது. ஆடியில் மோதிரத்தைப் பெரிதாக்கினோம். தட்டாரிடம் அவரே தனியாகப் போனார், தனியாகப் பணம் கொடுத்தார். அதிலும் பாதி என்னுடையது. முழுவதையும் தாமே தருவதாக அவர் இரண்டு நாள் வழக்காடினார். ஒரே வீட்டில் இருவரும் சம்பளம் வாங்கிக்கொண்டு யார் பணம் எது என்று பிரிப்பது கணக்காசிரியருக்கே கடினம் என்று மூன்றாம் நாள் ஒப்புக்கொண்டார். அளவை இம்முறை நாத்தனார் செப்புக் கம்பியால் எடுத்தார்.

மாமியார் அதன்பின் நெடுங்காலம் எங்களோடு இருந்தார். அரிசி வாணிகத்தையும் நெடுநாள் விடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், காப்பி கொடுத்து முடித்தபின், என்னை அழைப்பார்.

"கைய நீட்டு, மக்கா." வந்தவரிடம் திரும்பி, "ஒரு பவன். எம் மவன் யாருட்டயும் ஒத்தக்காசு வாங்காம ஒத்தைக்கு நின்னு செஞ்சு போட்டதாக்கும்" என்பார்.

நாத்தனார் அங்கிருந்தால் உடனே அடுக்களையில் ஏதோ வேலை நினைவுக்கு வந்து எழுந்துபோவார். என் கணவர் நாளிதழை இன்னும் சற்று உயர்த்திப் பிடித்துக்கொள்வார். நான் கையை நீட்டுவேன். என்னிடம் கேட்கப்பட்டது அவ்வளவுதான்.